கோட் தங்கச்சியிடம் இருக்கிறது

பிரெஞ்சு மொழியில் எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். தமிழில் கிடையாது. தமிழில் நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. "இந்த ஒண்டே எனக்கு ஒன்பது மாதிரி" என்று அம்மா என்னோடு நிறுத்திக்கொண்டார். ஜெர்மன் கடதாசிகளிலும் அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆனால் நான் இருக்கிற சார்புருக்கனில் ட்ராம் ஏறி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து பிரான்சுக்குள் இறங்கினேன் என்றால் எனக்கு ஒரு தங்கச்சி. அவளிடம் ஒரு கோட். மிக அழகாகப் பொய் சொல்லுவாள்.

இந்தத் தங்கச்சியை எனக்குத் தந்தவர் ரீச்சர்.

ரீச்சர் என்றதும் கரும்பலகையையும் பிரம்பையும் நினைக்க வேண்டாம். அவருக்கு வேலை ஆஸ்பத்திரியில், அதுவும் நிலவறைச் சலவைப் பகுதியில். நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிப்பார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். நான் அவரை ரீச்சர் என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். அண்ணை என்று மரியாதையாகத் தொடங்கிவிட்டுத்தான் ஏசுவார்.

அவருக்கு எங்களைவிட அதிகம் பிரெஞ்சு தெரியும் என்று நாங்கள் ஒருவரும் நம்பியதில்லை. அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. வியாழக்கிழமை மாலை வகுப்பில் தான் படித்ததைச் சனிக்கிழமை எங்களுக்குச் சொல்லித் தருவார். அதாவது, எங்களுக்கு ஒரு பாடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அவருக்குத் தடிமன், காய்ச்சல் என்று வந்தால் சனிக்கிழமை நாலு பேரும் சமம்.

மற்ற மூன்று பேரில் ஒருவன் சிவம். பார்சல் வான் ஓட்டுகிறவன். எல்லைக்கு அந்தப் பக்கம் நாய்கள்கூடப் பிரெஞ்சில்தான் குரைக்கின்றன என்று படிக்க வந்தான். அடுத்தவர் ராணி அக்கா. அவருடைய மகன் ஒரு பிரெஞ்சுப் பெண்ணைக் கட்டியிருந்தான். "மருமகளோடை சண்டை பிடிக்கவாவது ஒரு பாஷை வேணும் தம்பி" என்பார். மூன்றாவது நான். கார்த் தொழிற்சாலையில் வரிசையாக வரும் கார்களுக்குக் கதவு பூட்டுகிறவன். நான் வந்தது மீனுக்காக. பாலத்துக்கு அந்தப் பக்கம் சார்குமின் என்ற ஊரில் ஒரு மீன்கடை இருந்தது. சார்புருக்கன் கடைகளில் மீன் என்றால் சதுரமாக, தோல் இல்லாமல், தலை எங்கே போனது என்று தெரியாமல் கிடக்கும். அங்கே மீனுக்குக் கண் இருந்தது.

வகுப்பறை, ட்ராம்தான். சனிக்கிழமைக் காலை ஏறினால் ஆற்றோரமாகவே போய், கடைசியில் ஒரு பாலம் ஏறி, பிரான்சில் ஒரேயொரு தரிப்பிடத்தில் போய் நிற்கும். ரீச்சரின் சட்டம் ஒன்றுதான். பாலம் வரைக்கும், பாடத்தைத் தவிர, தமிழ். பாலத்துக்கு அப்பால் வாயைத் திறந்தால் பிரெஞ்சு. வரவில்லை என்றால் வாயைத் திறக்கவே கூடாது.

உலகத்தில் எதைப் பற்றியும் எந்த நேரமும் கதைக்கக் கூடிய நான், பாலத்தின் மறுகரையில் ஊமை. என் மனைவி ஒருநாள் எங்களோடு மீன் வாங்க வந்தாள். திரும்பி வரும்போது ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு காலத்திலை இந்த மனிசன்ரை வாயை மூட வைச்ச ஒரே ஆள் நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமையிலும் வகுப்பு வைக்க ஏலாதோ?"

ரீச்சருக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. தலையாட்டுவது.

ஜெர்மனிக்கு வந்த எங்கள் ஆட்கள் முதலில் கற்றுக்கொண்டது ஜெர்மன் அல்ல, தலையாட்டல். அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருக்கும் அம்மா ஏதோ கேட்பார். விளங்காது. விளங்கவில்லை என்று சொன்னால் தெர்மின் என்று இன்னொரு நாள் குறித்துத் தந்து வரச் சொல்லுவார். தலையாட்டினால் முத்திரை குத்தி அனுப்புவார். நான் ஒரு தலையாட்டல் வித்துவான். தொழிற்சாலையில் மேலாளர் ஒருநாள் ஏதோ கேட்க, சிரித்துக்கொண்டே 'யா, யா' என்று ஆட்டினேன். அடுத்த கிழமை கொம்பனி உதைபந்தாட்டக் குழுவின் கோல்காப்பாளன் ஆகிவிட்டேன். அந்தப் பருவம் முழுக்க எங்கள் வலைக்குள் வந்த பந்துகள் எல்லாம் அந்த ஒரு தலையாட்டலுக்குக் கிடைத்த தண்டனை.

ரீச்சர் இதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பாடமாகப் பிரெஞ்சில் ஒரு கதை சொல்லிக்கொண்டிருப்பவர் சட்டென்று நிறுத்துவார்.

"அண்ணை, தலையாட்டுறியள். இப்ப நான் என்ன சொன்னனான்?"

"ஒரு... கோட்டைப் பற்றி, ரீச்சர்."

"கோட்டுக்கு என்ன நடந்தது?"

நான் மறுபடி தலையாட்டினேன்.

"விளங்கேல்லையெண்டால் விளங்கேல்லையெண்டு சொல்லுங்கோ. அதுக்கு நான் கோவிக்கமாட்டன். இந்த ஆட்டு ஆட்டுறதுக்குத்தான் கோவம் வருது."

உண்மையாகவே, விளங்கவில்லை என்றதற்கு அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. விளங்காவிட்டால் பிழை எங்களில் இல்லை, சொல்லில் என்பது அவர் கட்சி. அந்தச் சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று தேடுவார். ஒருமுறை 'ஏக்கம்' என்பதற்கு மாலை வகுப்பிலிருந்து ஒரு நீட்டுச் சொல் கொண்டு வந்தார். மூன்று பேரும் முழித்தோம். அவர் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'நான் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்' என்று போட்டார். எல்லாருக்கும் விளங்கியது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. வாழ்நாள் முழுக்கக் கதவுக்குப் பக்கத்தில் நின்று உழைக்கிறவன் நான்.

தலையாட்டல் மேல் ஏன் இந்தக் கோபம் என்று வகுப்புத் தொடங்கிய புதிதிலேயே சிவம் கேட்டுவிட்டான். மழைநாள், பாலம் வர இன்னும் நேரம் இருந்தது. ரீச்சர் தேங்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

அவருக்கு ஒரேயொரு தங்கச்சி. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஜெர்மனிக்கு வந்து, சார்லாண்டில் ஒரு சின்ன ஊரின் அகதி விடுதியில் ஓர் அறையில் இருந்தார்கள். பிறகு தங்கச்சி, தன் கடதாசி சரிவந்ததும், பிரான்சுக்குப் போய் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கட்டினாள். ரீச்சரிடம் அப்போது இருந்த கடதாசியோடு எல்லை தாண்ட ஏலாது. கலியாணத்துக்குப் போகவில்லை. அக்கா மனம் இருந்தால் வந்திருப்பா என்று தங்கச்சிக்குக் கோபம். கோபம் ஆறி, ஒரு பெண்பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கிய காலத்தில் தங்கச்சி நோயில் செத்துப்போனாள். பிள்ளை தகப்பனோடு, நான்த் என்ற தூரத்து ஊரில், பிரெஞ்சிலேயே வளர்ந்தது.

"வருசத்திலை ஒருக்கால் ரண்டுதரம் பெறாமகளோடை ரெலிபோனிலை கதைப்பன்" என்றார் ரீச்சர். "கதைக்கிறது எண்டால், அவள் ஏதோ சொல்லுவாள், நான் வுய், வுய் எண்டுவன். ஒருநாள் ஒண்டைக் கேட்டாள். வுய் எண்டன். திரும்பக் கேட்டாள். திரும்பவும் வுய், வுய் எண்டன். பிறகு பிள்ளை ஒண்டும் கேக்கேல்லை. வைச்சிட்டாள். அந்தச் சத்தம் மாத்திரம் காதுக்குள்ளை நிண்டிட்டுது. எங்களோடை விரிப்பு மடிக்கிற ஒரு பிரெஞ்சுக்காரி இருக்கிறாள். அவளிட்ட அந்தச் சத்தத்தை அப்படியே சொல்லிக்காட்டி, இது என்னெண்டு கேட்டன்."

ரீச்சர் கைப்பையை மடியில் திருப்பி வைத்தார்.

"'அம்மா எப்படிப்பட்டவ?' எண்டு கேட்டிருக்கிறாள். தாய் எப்படிப்பட்டவ எண்டு கேட்ட பிள்ளைக்கு நான் ஓம், ஓம் எண்டிருக்கிறன்."

ராணி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். ரீச்சர் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்.

"அதுக்கு மறுமொழி சொல்லத்தான் இந்தப் படிப்பு. நீங்கள் மீன் வாங்குங்கோ, மருமகளோடை சண்டை பிடியுங்கோ, எனக்குப் பிரச்சினையில்லை. என்ரை கதை உங்களுக்கு விளங்கவேணும். உங்கள் மூண்டு பேருக்கும் விளங்கிச்செண்டால் உலகத்திலை ஆருக்கும் விளங்கும்."

"ரீச்சர், இது பாராட்டோ?" என்றான் சிவம்.

"பாலம் வந்திட்டுது" என்றார் ரீச்சர்.

அவரிடம் பெரிய கதைகள் இருக்கவில்லை. துவக்குச் சத்தம் வராது, கப்பல் வராது. அதையெல்லாம் ஏன் விட்டுவிட்டீர்கள் என்றால், "பிள்ளை தாயைக் கேட்டவள், நாட்டைக் கேக்கேல்லை" என்பார். எல்லாம் அந்த ஒற்றை அறைக் கதைகள்தான். தங்கச்சி சிவப்புச் சட்டையைப் பொதுச் சலவை இயந்திரத்துக்குள் போட்டு, விடுதி முழுவதும் ரோஸ் நிற உள்ளாடையோடு திரிந்த கதை. தங்கச்சி ஜெர்மன்காரரின் கறுத்த பாணுக்குள் சம்பல் வைத்து, விடுதிக் காவலாளிக்குக் கொடுத்து, அந்த மனிதர் குழாயடிக்கு ஓடிய கதை.

முதல் கதை கோட்டுக் கதை. அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் குளிர்கோட் ஒன்றுதான் கிடைத்தது. பழசு, பழுப்பு நிறம், ஆணுடையது. ஒருத்தி போட்டுக்கொண்டு வெளியே போனால் மற்றவள் அறையில் இருக்க வேண்டும். அதற்கு ஈடாக, போனவள் திரும்பி வந்து கண்டதையெல்லாம் சொல்ல வேண்டும். ரீச்சர் கண்டதை மட்டும் சொல்வார்: பாண் கடை, தேவாலயம், ஒரு நாய். தங்கச்சி போய்வந்தால் ஊரே மாறிவிடும். பாண் கடை வாசலில் யானை நின்றது என்பாள். தபால்காரர் தன்னிடம் காதல் சொன்னார் என்பாள். "பொய் எண்டு எனக்குத் தெரியும்" என்பார் ரீச்சர். "ஆனால் அவள் வாற நேரத்துக்கு நான் கதவுக்குப் பக்கத்திலை நிப்பன்."

தங்கச்சி பிரான்சுக்குப் போன காலையில் பனி கொட்டியதாம். ரீச்சர் கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டு, பொத்தான்களைப் பூட்டி அனுப்பினார். அந்தக் குளிர்காலத்தில் அவர் வெளியே போனது குறைவு. கதையின் கடைசி வரி இது: 'குளிராக இருக்கிறது. பரவாயில்லை. கோட் என் தங்கச்சியிடம் இருக்கிறது.'

இந்தக் கதைகளை விளங்கிக்கொண்டு, எங்கள் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதுதான் ரீச்சரின் எண்ணம். எங்களிடம் சொந்தமாகப் பிரெஞ்சுச் சொற்கள் எங்கே இருந்தன? யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் படித்த எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை பாடமாக்குவது. மூன்று பேரும் கோட்டுக் கதையை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் பாடமாக்கிவிட்டோம். ராணி அக்கா அதற்கு ஒரு ராகமும் வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு அவர் பிரெஞ்சைச் சொல்லத் தொடங்கினால், கடைசியில் திருநீறு தருவார்களோ என்று பக்கத்து இருக்கை ஜெர்மன்காரர்கூட நிமிர்ந்து உட்காருவார்.

"பாடமாக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது? கதையை விளங்கிக்கொண்டு சொல்லுங்கோ. அது என்ரை தங்கச்சி, உங்கட தங்கச்சி இல்லை. 'ரீச்சருக்கு ஒரு தங்கச்சி இருந்தா' எண்டெல்லோ நீங்கள் தொடங்கவேணும்?"

நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம். அவர் நெற்றியில் கை வைத்தார்.

ஆகவே மூன்று பேருமே, என்னைப் போன்ற மீசைக்காரன் உட்பட, 'மா பெதித் ஸேர் எ முவா' என்றுதான் தொடங்குவோம். என் தங்கச்சியும் நானும். அதைத் தவிர வேறு எதுவும் எங்களுக்கு முழுசாக வராது.

அது எவ்வளவு உண்மை என்பது மீன்கடையில் தெரிந்தது. அந்தக் கடையில் மீனை விற்றுவிட்டுத் தலையை எறிந்துவிடுவார்கள். தலையை! நாங்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வோம். முதல்நாள் நான் ஊர் வழக்கப்படி செவிளைத் தூக்கிப் பார்க்கக் கையை நீட்டி, கடைக்காரர் கத்திய கத்தலில் பின்வாங்கியிருந்தேன். அடுத்த தடவை நல்ல பிள்ளையாகத் தலைகளை மட்டும் சுட்டிக் காட்டினேன். அவர் ஒரு பை நிறையப் போட்டுவிட்டு ஏதோ கேட்டார். விளங்கவில்லை. தலையாட்டப் போனேன். பின்னால் ரீச்சர் நிற்பது ஞாபகம் வந்தது. கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, எனக்கு முழுசாகத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"மா பெதித் ஸேர் எ முவா."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற ரீச்சரைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு மீன் வெட்டுகிற பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரும்பி வரும்போது, பாலம் தாண்டியபிறகுதான் ரீச்சர் சொன்னார்:

"இவ்வளவு தலையும் எத்தினை பூனைக்கு எண்டு கேட்டவர். நீங்கள், 'என்ரை தங்கச்சிக்கும் எனக்கும்' எண்டு சொன்னியள்."

"சரியான மறுமொழிதானே ரீச்சர்? குழம்பு வைச்சு நாங்கள்தானே தின்னப்போறம்?"

ரீச்சர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். நான் அவரைச் சிரிக்க வைத்த மிகச் சில தடவைகளில் அது ஒன்று. அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரருக்கு ரீச்சர் என் தங்கச்சி. நான் உள்ளே வந்ததும், "தங்கச்சி எங்கே?" என்று கேட்பார். மறுக்க எனக்குப் பிரெஞ்சு போதாது.

இப்படியே காலம் போனது. கதைகள் கூடின. ஆனால் ரீச்சர் அந்த மறுமொழியைச் சொல்லவில்லை. பெறாமகளோடு இப்போது ரெலிபோனில் நன்றாகவே கதைத்தார், படிப்பு, காய்ச்சல், காலநிலை எல்லாம். தாயைப் பற்றி மட்டும் இல்லை. சிவத்துக்குப் பொறுக்கவில்லை.

"ரீச்சர், அந்தப் பிள்ளைக்கு நரை விழப்போகுது. எப்பதான் சொல்லப்போறியள்?"

"ரெலிபோனிலை முகம் தெரியாது. விளங்கிச்சோ, சும்மா ஓம் எண்டு சொல்லுறாளோ எண்டு எனக்கு எப்படித் தெரியும்? அவள் வரட்டும்."

"வாறன் எண்டு சொன்னவளோ?"

"வா எண்டு நான் சொன்னனான்."

"வராட்டில்?"

ரீச்சர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று கதை எதுவும் சொல்லவில்லை. மீன் வாங்கிக்கொண்டு நாலு பேரும் சும்மா திரும்பி வந்தோம். எனக்கு அன்று முதல்தடவையாக ஒரு பயம் வந்தது. இந்தப் பெண் இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த கதைகள் எல்லாம், கடைசியில் ஒரு கதவு பூட்டுகிறவனுக்கும் பார்சல்காரனுக்கும்தான் போய்ச் சேருமோ?

பிள்ளை வந்தாள். ஒரு இலையுதிர்கால வெள்ளி மாலை வந்து, சனிக்கிழமை காலை ரீச்சரோடு ட்ராம் தரிப்பிடத்தில் நின்றாள். இருபது வயது இருக்கும். குட்டைத் தலைமயிர், முதுகில் ஒரு பை. ரீச்சர் எங்களையும் வரச் சொல்லியிருந்தார். அவரைத் தனியே பிடித்து, எல்லாம் சொல்லியாயிற்றா என்று ராணி அக்கா கேட்டார்.

"இல்லை அக்கா. இரவு முழுக்க வாய் வரேல்லை. பாலம் தாண்டினால் வரும். பழகின இடம்."

ட்ராம் பாலத்தைத் தாண்டியது. இறங்கினோம். தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் ஐந்து பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ரீச்சர் கைகளை மேசையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"சாப்பிட்டியோ பிள்ளை?" என்றார், தமிழில்.

பிள்ளை தலையாட்டினாள். "வுய், வுய்" என்றாள்.

அவளுக்கு விளங்கவில்லை என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரிந்தது. தலையாட்டல் விஷயத்தில் எங்களை ஏமாற்ற முடியாது. ரீச்சர் மறுபடி வாயைத் திறந்தார். இந்தத் தடவை தமிழும் வரவில்லை. பின்னொருநாள் எங்களிடம் சொன்னார், தான் கதைகளை எல்லாம் ஒத்திகை பார்த்ததாகவும், அந்த முகத்துக்கு ஒத்திகை பார்க்கவில்லை என்றும். அது அப்படியே தங்கச்சியின் முகமாம்.

கோப்பி ஆறியது. பிள்ளை முதுகுப் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் ரெயில் எத்தனை மணிக்கு என்று கேட்பாள் போல இருந்தது.

அப்போது ராணி அக்கா கண்ணை மூடினார்.

"மா பெதித் ஸேர் எ முவா" என்று ராகத்தோடு தொடங்கினார். என் தங்கச்சிக்கும் எனக்கும் ஒரு கோட்தான் இருந்தது. அவள் போட்டால் நான் வெளியே போக மாட்டேன். நான் போட்டால் அவள் போக மாட்டாள்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். ராணி அக்காவுக்குப் பாதியில் மூச்சு வாங்கியது. சிவம் பிடித்துக்கொண்டான். என் தங்கச்சி பொய் சொல்லுவாள். பாண் கடையில் யானை நிற்கிறது என்பாள். நான் கதவுக்குப் பக்கத்தில் நிற்பேன். பார்சல் கையெழுத்துக் கேட்கிற வேகத்தில் சொன்னான். பிள்ளை அவனைப் பார்த்தாள், ராணி அக்காவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தபோது நானும் தொடங்கிவிட்டேன். ஒரு காலை பனி கொட்டியது. என் தங்கச்சி பிரான்சுக்குப் போனாள். நான் அவளுக்கு அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டுவிட்டேன்.

"பச்சை இல்லை" என்றார் ரீச்சர். பிரெஞ்சில். "பழுப்பு."

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"பழுப்பு" என்றார் மறுபடி, பிள்ளையிடம். "ஆம்பிளையின் கோட். உன் அம்மாவுக்குக் கை விரலையும் மூடும், எனக்குத் தோள் தொங்கும். பொத்தான் ஒன்று இல்லை. அந்த இடத்தில் அவள் ஒரு ஊசி குத்தியிருந்தாள்." ஊசி எங்கள் கதையில் இல்லை. எங்களுக்குச் சொல்லாதது அது. அதற்குப் பிறகு வந்தது எல்லாமே நாங்கள் கேட்காதது.

ரீச்சரைப் பேச வைக்க நான் வேண்டுமென்றே பிழையாகச் சொன்னேன் என்று நிறையப் பேரிடம் அளந்திருக்கிறேன். உண்மை என்னவென்றால், எனக்குப் பழுப்பு என்ற சொல் மறந்துபோய்விட்டது. பச்சைதான் வாய்க்குள் கிடந்தது.

நடுவில் பிள்ளை எங்கள் மூன்று பேரையும் காட்டி ஒன்று கேட்டாள். அது எனக்கே விளங்கியது. "இவர்கள் எல்லாரும் அம்மாவின் சகோதரங்களா?" என்று கேட்டாள். ரீச்சர் எங்களைப் பார்த்தார். தலையாட்டினார். முதல்தடவை, முழு மனதோடு.

பிள்ளை சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ரீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிவமும் ராணி அக்காவும் நானும் மீன் வாங்க வேண்டும் என்று சொல்லி எழுந்துவிட்டோம். மூன்று பேரும் போய் ஒரு மீன் வாங்கினோம்.

அடுத்த வருடம் ரீச்சர் நான்த்துக்கே போய்விட்டார். பெறாமகள் கூப்பிட்டாள். அங்கேயும் ஏதோ ஆஸ்பத்திரி, ஏதோ சலவை. சார்புருக்கன் நிலையத்தில் வழியனுப்பப் போனோம். ரெயிலில் ஏறியபிறகு, கதவு மூடும் நேரத்தில் ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் விரலை ஆட்டி ஏசுவது தெரிந்தது. என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். ரெலிபோன் எடுத்தால் அவர், 'நான் இப்ப பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லோ' என்று சட்டத்தை விடாமல் பிரெஞ்சிலேயே கதைப்பார். நான் நலமா, நலம், மழையா, மழை என்று தெரிந்ததெல்லாம் சொல்லி முடித்துவிடுவேன். அழைப்புகள் குறுகி, இப்போது கனகாலமாக இல்லை.

ராணி அக்காவுக்கு முழங்கால் ஏலாது. சிவம் கொலோனுக்கு மாறிவிட்டான். சனிக்கிழமைகளில் நான் தனியே ட்ராம் ஏறுகிறேன். பாலம் வரைக்கும் வாய்க்குள் தமிழில் ஏதாவது முணுமுணுப்பேன். பாலம் தாண்டியதும் வாயை மூடிக்கொள்வேன். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சட்டம் சட்டம்தான்.

போன கிழமை நல்ல குளிர். மீன்கடைக்குள் போய்க் கதவுக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கடைக்காரருக்கும் வயதாகிவிட்டது. தலைகளைப் பையில் போட்டுக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார்: "தங்கச்சி எங்கே? இந்தக் குளிரில் எப்படி இருக்கிறாள்?"

விளங்கியது. ஒரு சொல் விடாமல் விளங்கியது. மறுமொழியும் முழுசாக என்னிடம் இருந்தது.

"குளிராக இருக்கிறது" என்றேன் பிரெஞ்சில். "பரவாயில்லை. கோட் என் தங்கச்சியிடம் இருக்கிறது."

அவர் தலையாட்டினார். இன்னொரு தலையை எடுத்துப் பையில் போட்டார்.